அண்ணனுக்குப் பிழையில்லாமல் ஒரு வாழ்த்து

1

என் அண்ணனுக்கு வாழ்த்து அனுப்பினால் நன்றி வராது. திருத்தம் வரும்.

பெயர் நாச்சிமுத்து. தாராபுரத்துக்குத் தெற்கே நல்லிவலசில் ஆறு ஏக்கர் தோட்டம். கொஞ்சம் மஞ்சள், அதற்குள் ஊடுபயிராகச் சின்ன வெங்காயம், வரப்போரம் முருங்கை, கிணற்றைச் சுற்றித் தென்னை. நான் அவருக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாதபோதெல்லாம், எனக்கு யாராவது அனுப்பிய வாழ்த்துப் படத்தை அப்படியே அண்ணனுக்குத் தள்ளிவிடுவேன். சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு பொங்கலுக்குப் பானையும் கரும்பும் சூரியனும் இருக்கிற படம் அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் குரல் பதிவு வந்தது.

"அம்மிணி, படம் பாத்தேன். பானைக்குப் பக்கத்துல சாத்தியிருக்கறது ஆலைக் கரும்பு. பொங்கலுக்கு வெக்கறது செங்கரும்பு. லாரி வராம வூட்டுல சாத்தி வெச்சுட்டாங்களாட்ட இருக்குது."

இன்னொரு முறை, உழவர்களைப் போற்றுவோம் என்று ஒரு படம். விடியற்காலை, ஏர் ஓட்டும் பெரியவர், பின்னால் கொக்குகள். "எடப்பக்கம் காளை. வலப்பக்கம் பசுமாடு, மடியெல்லாம் நல்லாத் தெரியுது. இதப் பூட்டுனவன் எந்த ஊர்க்காரன்னு விசாரிச்சுச் சொல்லு."

போன வருடம் அப்பாக்கள் தினம் வந்தது. தங்க நிற வயலில் ஒரு அப்பா மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். எனக்கே கண் கலங்கிய படம் அது. அண்ணனுக்கு அனுப்பினேன்.

"அது கோதுமை. அறுப்புக்கு நிக்குது. நடுவுல பூந்து நடந்தா மணியெல்லாம் கொட்டிப் போவும். நல்ல அப்பன்."

என் கணவர் அசோக் இந்தப் பதிவுகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். மனசு சரியில்லாத நாட்களில் போட்டுக் கேட்பார்.

"நீ அனுப்பறத ஒன்னு விடாமப் பாக்கறாரு பூங்கொடி," என்று அண்ணி ஒருமுறை சொன்னார். "ரெண்டு விரலை வெச்சுப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாக்கறாரு. தப்புக் கெடைக்காட்டி மொகம் வாடிப் போகுது."

2

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. அசோக் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்கிறார். நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறேன். காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றோடு பத்துப் பேர் கோபமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் தெலுங்கு. ஆட்டோக்காரரிடம் ஹிந்தி. மேலதிகாரியிடம் ஆங்கிலம். வீட்டுக்கு வந்ததும் தமிழ். அதிலும் பாதி 'குளி', 'சாப்பிடு', 'போனைக் கீழே வை' என்பதோடு முடிந்துவிடுகிறது.

மகளுக்கு ஆசையாக மகிழினி என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடப் பதிவேட்டில் மஹிளினி. இப்போது பதினோரு வயது. தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும், அல்லது எல்லா மொழியும் கலந்து வரும். 'ழ' சொல்லச் சொல்லி ஒருநாள் அவளை உட்கார வைத்தேன். கால் மணி நேரம் போராடிவிட்டு, "அம்மா, ழ நாக்கு ராது," என்றாள். தெலுங்கில் அதற்கு 'எனக்கு வராது' என்று பொருள். தமிழ்க் காதில் 'நாக்கு வராது' என்று விழுந்தது. எந்த மொழியில் கேட்டாலும் உண்மை என்பதால் விட்டுவிட்டேன்.

அண்ணனுக்கும் ஒரே மகள்தான். பவித்ரா. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். அண்ணன் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார். பவி ஹைதராபாத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படிக்க வேண்டும், பிறகு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், மண் பக்கமே திரும்பக் கூடாது. நான் அவளுக்காகக் கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டேன். அவளோ கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

அன்றைக்கு நடந்த சண்டையைப் போனிலேயே கேட்டேன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"நாலு வருசம் படிச்சுட்டு வந்து, மம்பட்டி எப்படிப் புடிக்கறதுன்னு எனக்குச் சொல்லித் தரப் போறியா?" என்றார் அண்ணன்.

"தப்பாப் புடிச்சீங்கன்னா சொல்லித்தான் தருவேன்," என்றாள் பவி.

அவ்வளவுதான். அண்ணனே கூட்டிக்கொண்டு போய் விடுதியில் சேர்த்தார். பெட்டியை மூன்று மாடி தூக்கிக்கொண்டு போய் வைத்தார். புது வாளி, கொடிக்கயிறு எல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் பேசவில்லை. அடுத்த பத்து மாதமும் பேசவில்லை. பவி போன் செய்தால் அண்ணி எடுப்பார். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அண்ணன், "காச்சல் விட்டுருச்சான்னு கேளு," என்பார். "விட்டுருச்சுன்னு சொல்லுங்கம்மா," என்பாள் அவள். ஒருவர் குரல் மற்றவருக்கு நன்றாகவே கேட்கும்.

இந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் அண்ணி கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"பவி லீவுக்கு வரலையாமா. ஏதோ பயிற்சின்னு சொல்லி விடுதியிலயே இருந்துக்கறாளாமா."

"அண்ணன் என்ன சொல்றாருங்கண்ணி?"

"என்னத்தச் சொல்றாரு. போன வருசம் அப்பா தினத்துக்கு அவ சட்டை எடுத்துக் குடுத்தாளல்ல, அதையே போட்டுக்கிட்டு இருக்கறாரு. காலண்டர்ல அந்த ஞாயித்துக்கெழமையவே பாத்துக்கிட்டு நிக்கறாரு. என்னன்னு கேட்டா அமாவாசை பாக்கறேங்கறாரு."

நான் ஊரில் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போய் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேரும் பேசுகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடித்திருப்பேன். வெளியூரில் குடியேறியவளுக்கு இந்த வசதி இல்லை. போனில் சமாதானம் பேசினால், "சரி, வெச்சரட்டுமா?" என்று அண்ணன் முடித்துவிடுவார். இங்கிருந்து என்னால் அனுப்ப முடிந்தது ஒரு வாழ்த்து மட்டும்தான். அதையும் அவர் திருத்திவிடுவார்.

3

மகியிடம் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவளுக்கும் பொழுது போகவில்லை.

"நேனே கார்டு சேஸ்தா அம்மா," என்றாள். அவளே செய்கிறாளாம். "பேப்பர்மீத. ஒக்க தப்பு கூட உண்டது." காகிதத்தில், ஒரு தப்புகூட இல்லாமல்.

அதற்கு விவரம் வேண்டுமே. நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து மாமாவுக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூடத்து வேலை என்று ஒரு பொய். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான் காய் நறுக்கிக்கொண்டு கேட்டேன்.

"மாமா, மீ தோட்டலோ ஏம் பண்ட உந்தி?"

தோட்டத்தில் என்ன பயிர் இருக்கிறது என்று கேட்கிறாள். பண்ட என்றால் தெலுங்கில் பயிர். எங்கள் பக்கத்தில் பண்டம் என்றால் மாடு, எருமை.

"பண்டமா கண்ணு? ரெண்டு எருமை, ஒரு மாடு, ஒரு கன்னுக்குட்டி."

மகி பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அம்மா, மாமா பஃபலோ பயிர் பண்றாரா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "மேக உந்தா மாமா?"

மேக என்றால் ஆடு. அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்?

"மேகமா? நேத்துப் பொழுதோட மேக்கால நல்லாத்தான் கட்டிச்சு கண்ணு. இப்பப் பேயும் அப்பப் பேயும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். காத்தடிச்சு அப்படியே கொண்டு போயிருச்சு."

மகியின் கண்கள் பெரிதாகிவிட்டன. "காத்தா? மேகனா?"

"ஆமா. கரூர்ப் பக்கமாப் போயிருச்சு."

"அம்மா!" என்று கத்தினாள். "மாமாவோட ஆட்டைக் காத்து தூக்கிட்டுப் போயிடுச்சாம்!"

நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து விளக்கம் சொன்னேன். அந்தப் பக்கம் அண்ணன் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

"அட கெரகமே, ஆடா! ஆடு கட்டுத்தரையிலதான் கண்ணு நிக்குது. காத்துக்கெல்லாம் போகாது."

அப்புறம் மகி எல்லாவற்றையும் கேட்டாள். மாட்டுக்குக் கொம்பு எப்படி இருக்கும், கிணறு வட்டமா சதுரமா, வீட்டு ஓடு என்ன நிறம். அண்ணன் பொறுமையாகச் சொன்னார். கடைசியாக அவள், "பவி அக்கா மீக்கு ஹெல்ப் சேஸ்துந்தா?" என்று கேட்டாள். உங்களுக்கு உதவி செய்கிறாளா என்று.

"அவ படிக்கப் போயிட்டாளே கண்ணு."

"என்ன படிக்கறா?"

"மண்ணத்தான் படிக்கறா," என்றார் அண்ணன்.

மகிக்கு அந்தக் குரல் பிடிபடவில்லை. "வாவ்!" என்றாள் உண்மையாகவே. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"என்ன வாவு," என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்தார்.

4

படம் வரைய மூன்று நாள் ஆனது. முதல் நாள் பென்சில், இரண்டாம் நாள் அழிப்பு, மூன்றாம் நாள் வண்ணம். எனக்கும் சந்தேகங்கள் வந்தன. நான் பிறந்து வளர்ந்த தோட்டம்தான், ஆனால் கிணற்று மேடு வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் கண்ணை மூடி யோசிக்க வேண்டியிருந்தது.

மகி என்னை நம்பவில்லை. பவிக்கு வீடியோவில் போன் போட்டுப் படத்தைக் காட்டினாள். அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். நான் எட்டிப் பார்த்ததும் பவி தமிழுக்கு வந்தாள்.

"அத்தை, மாடு வெள்ளையா இருக்கட்டும். கன்னு செவலைதான். பொறக்கறப்ப அப்படித்தான் இருக்கும், வளர வளரத்தான் வெளுக்கும். அங்க ஹைதராபாத்துல யாராச்சும் சொன்னாங்கன்னு கலரை மாத்திப்போடாதீங்க."

"சரி. தென்னை?"

பவி படத்தைக் கிட்டத்தில் கொண்டுவரச் சொன்னாள். "ரெண்டு மரத்தையும் ஒரே மாதிரி போடாத மகி. ஒன்னுல குலை மட்டைக்கு எடப்பக்கம் சாஞ்சு தொங்கட்டும். இன்னொன்னுல வலப்பக்கம்."

"அது எப்படிப் பவி?" என்றேன். "ஒரே தோப்புல ரெண்டு விதமா இருக்குமா?"

"இருக்குமுங்கத்தை. மட்டை சுத்திச் சுத்தித்தான் வருது. சில மரம் எடஞ்சுழி, சில மரம் வலஞ்சுழி. பாதிக்குப் பாதி கலந்து இருக்கும். நம்ம தோப்புலயும் இருக்கும்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கறேன்," என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் அண்ணன் அச்சு அசலாக இருந்தார். "நீ போடு மகி. நான் சொல்றது சரி."

நான் மெதுவாக, "அந்த ஞாயித்துக்கெழம நீ ஒரு வார்த்தை பேசலாமல்ல கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு போய்விட்டது. "நான் பேசுனா எடுக்கோணுமேங்கத்தை," என்றாள். "போன மாசம் அவருக்கே போன் பண்ணேன். பாத்துட்டு அம்மா கையில குடுத்துட்டாரு." பிறகு ஏதோ வகுப்பு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்து எழுத்து. மகி தனக்குத் தெரிந்த மொழிகளில் எல்லாம் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவள் ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். ஆமாம், வரைந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அது இதுதான்:

'அன்புள்ள மாமா, அப்பாக்கள் தின வாழ்த்துகள்.

இந்தப் படத்தில் கோதுமை இல்லை. ஆலைக் கரும்பு இல்லை. காளையையும் பசுவையும் சேர்த்துப் பூட்டவில்லை. மாடு வெள்ளை, கன்று செவலை. ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கிறேன், காற்றுக்குப் போகாது.

உங்களுக்குக் கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்கும். சிரிப்பு வந்தால் திரும்பி நின்று மாட்டைத் தடவுவீர்கள். எங்களுக்கு ரெண்டும் தெரியும்.

மழை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராது. எனக்கு டெங்கு வந்தபோது நீங்கள் சொல்லாமலே வந்தீர்கள். இருபது இளநீர் கொண்டுவந்தீர்கள். ரயிலில் ஒருவர் மேல் ஒன்று விழுந்தது.

நீங்கள் மாட்டுக்கு அப்பா. மஞ்சளுக்கு அப்பா. பவி அக்காவுக்கும் அப்பா. மாடு பேசாது. மஞ்சள் பேசாது. பவி அக்கா மட்டும்தான் பேசும்.'

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று எனக்குப் பயம். மூக்கு சிவந்துவிட்டால் என்ன செய்வது?

"நிஜமே கதா அம்மா?" என்றாள் மகி. உண்மைதானே என்று கேட்கிறாள். எடுக்கவில்லை.

5

தெரு முனையில் ஒரு கூரியர் கடை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "டோர் நம்பர் போலோ மேடம்," என்றார்.

"டோர் நம்பர் கிடையாது. தோட்டத்து வீடு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கர் மே தர்வாசா நை க்யா?"

வீட்டுக்குக் கதவே இல்லையா என்று கேட்கிறார். "தர்வாசா ஹை, நம்பர் நை," என்றேன். கதவு இருக்கிறது, எண்தான் இல்லை.

கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்கு நகர மாட்டேன் என்றது. "கைக்கு டென்ஷன் மேடம், குச் பீ நம்பர் டாலோ," என்றார் அவர். எதற்குக் கவலை, ஏதோ ஒரு எண்ணைப் போடுங்கள்.

ஏதோ ஒரு எண் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது 214. எங்கள் கிணற்று மோட்டாரின் மின் இணைப்பு எண். மோட்டார் அறைச் சுவரில் சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கும். அதைப் போட்டேன். கம்ப்யூட்டர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கூரியர்க்காரர் தோட்டத்துக்குப் போய், "இருநூத்திப் பதினாலு இதுதானுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. மோட்டார் இணைப்பிலிருந்து கட்டுத்தரைக்கு ஒரு பல்பு இழுத்திருந்தார்கள். அதைப் பிடிக்கத்தான் மின்வாரியத்து ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, "வூட்டுல யாருமில்லைங்க," என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்லிவிட்டார்.

பிறகு எப்படியோ அண்ணன் வந்திருக்கிறார். கூரியர்க்காரர் ஓடிபி கேட்டிருக்கிறார். அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று வங்கியில் எச்சரித்தது அண்ணனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உடனே எனக்குப் போன். அப்போது நான் ஒருவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, ஒருத்தரு வந்து ரகசிய நம்பர் கேக்கறாரு. நீ ஏதாச்சும் அனுப்புனியா?"

"நான்தாண்ணா அனுப்புனேன். குடுங்க."

"நீ பூங்கொடிதான்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்பல்லாம் கொரலை மாத்திப் பேசறாங்களாமா. எங்க, நம்ம கெணத்து மோட்டார் நம்பர் சொல்லு பாப்போம்."

"இருநூத்திப் பதினாலு."

"சரி, நீதான்," என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

6

வழக்கமாக ஐந்து நிமிடத்தில் வரும் திருத்தம் அன்றைக்கு வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. கடைசி வரியை எடுத்திருக்க வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அண்ணிக்குப் போன் செய்தால், "கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கறாரு அம்மிணி. ஒன்னும் சொல்ல மாட்டீங்கறாரு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குடும்பக் குழுவில் அண்ணன் குரல் வந்தது. மகி ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"வாழ்த்து வந்துச்சு. மாடு சரி. கன்னு சரி, செவலையாப் போட்டிருக்குது, கெட்டிக்காரப் புள்ள. ஆடும் சரி, கவுறுதான் சித்தெ நீளம். ஆனா தென்னை தப்பு. ஒன்னுல குலை இந்தப் பக்கம் சாயுது, இன்னொன்னுல அந்தப் பக்கம் சாயுது. ஒரே தோப்புல அப்படி வராது. நானே வெச்ச மரம், முப்பது வருசமாப் பாக்கறேன். புள்ள கண்ணாடியில பாத்து வரைஞ்சுருச்சாட்ட இருக்குது."

மகியின் முகம் வாடிவிட்டது. "பவி அக்காதான் சொன்னா," என்றாள்.

கால் மணி நேரம் கழித்துக் குழுவில் ஒரு செய்தி வந்தது. அந்தக் குழுவில் பத்து மாதமாக எதுவும் எழுதாதவள் எழுதியிருந்தாள்.

'அப்பா, படம் சரி. போய் மரத்தைப் பாருங்க.'

அவள் அப்பாவிடம் நேராகச் சொன்னது ஆறே வார்த்தை. அதுவும் சண்டைக்கு இழுப்பது மாதிரி. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே தோசை சுட்டேன். இரண்டு தோசை கருகிப்போயின. பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. அண்ணனிடமிருந்து பதில் இல்லை.

"கோவிச்சுக்கிட்டாரா?" என்றார் அசோக்.

ஒரு மணிக்கு அண்ணி கூப்பிட்டார். "இங்க என்ன நடக்குதுன்னே தெரியல அம்மிணி. மனுசன் சோறு திங்காம, தோப்புக்குள்ள தலைய நிமித்திக்கிட்டே சுத்தறாரு. கையில சுண்ணாம்பு டப்பா வேற. ஒவ்வொரு மரத்துலயும் கோடு போடறாரு. மரமேறற ராசுவை வரச்சொல்லி, அவங்கிட்ட ஏதோ சண்டை."

சண்டை என்னவென்று பின்னால் தெரிந்தது. ராசு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆமாங்க, சிலதுல குலை பீச்சாங்கைக்கு வரும், சிலதுல சோத்தாங்கைக்கு வரும். ஏறறவனுக்குத் தெரியாதுங்களா?" என்றிருக்கிறார்.

"ஏப்பா, இத்தன வருசமா நீ இதச் சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லைங்களே."

நாலு மணிக்குக் குழுவில் குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்கியது. பின்னால் எங்கோ ஆடு கத்தியது.

"மொத்தம் நாப்பத்தேழு மரம். இருபத்திரெண்டு எடப்பக்கம். இருபத்தஞ்சு வலப்பக்கம். சந்தேகத்துக்கு நாலு மரத்தை ரெண்டு தடவ பாத்தேன்." சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "பவி சொன்னது சரி. எனக்குத் தெரியல. படத்துல தப்பில்ல."

மகி எழுந்து குதித்தாள். நான் பதிவை இரண்டாம் முறை போட்டேன். 'எனக்குத் தெரியல' என்று என் அண்ணன் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் அப்பாவிடம்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

அதன் பிறகு நடந்தது அண்ணி சொல்லித்தான் தெரியும். ஐந்து நிமிடத்தில் அண்ணனின் போன் அடித்திருக்கிறது. திரையில் பவி பெயர்.

"உனக்குத்தான் இருக்கும், எடு," என்று அண்ணியிடம் நீட்டியிருக்கிறார்.

"உங்க போன்தான அடிக்குது," என்று அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

எடுத்தார். முதலில் 'ம்' என்றார். இன்னொரு 'ம்'. பிறகு, "ஏன் கண்ணு அப்படி வருது? ஒரே தாய் மரத்துக் காயில இருந்து மொளைக்க வெச்ச மரந்தானே எல்லாம்?" என்று கேட்டார். பவி என்ன சொன்னாளோ, அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. போனைக் கையால் மூடிக்கொண்டு அண்ணியிடம், "காலேஜ்லயும் ஏன்னு சரியாத் தெரியாதாமா!" என்றாராம். அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு பேசிக்கொண்டே தோப்புக்குள் போனவர், மாடு பால் கறக்கக் கத்துகிற வரைக்கும் திரும்பி வரவில்லை.

புதன்கிழமை எனக்குப் போன் வந்தது. அண்ணன் தானாக என்னைக் கூப்பிடுவது வருடத்துக்கு இரண்டு முறை நடந்தால் அதிகம். பதறிப்போய் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"அம்மிணி, வெள்ளிக்கெழம பவி வர்றா."

"அண்ணி சொன்னாங்களாண்ணா?"

"இல்ல," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்தில் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல. "எங்கிட்டயே சொன்னா."

ஏதாவது கேட்டு வைக்க வேண்டுமே என்று, "பஸ் எத்தன மணிக்குண்ணா?" என்றேன்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு தாராபுரம் வந்துருமாமா. நான் மூணு மணிக்கே போயிருவேன்."

"எதுக்குண்ணா அவ்வளவு சீக்கிரம்?"

"பஸ்ஸு முன்னாடியே வந்துட்டா?" என்றார் அண்ணன்.